பின்சுவர்ப் பெட்டிகள்

பாட்டு கேட்கும் அறையில் முன்னால் வைக்கும் ஸ்பீக்கர்கள் பாடுபவரைக் கொண்டுவந்து நிறுத்தும். பின்னால் வைப்பவை அவர் பாடிய இடத்தைக் கொண்டுவர வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவை, நாலு இஞ்ச் ஸ்பீக்கர் போட்டு வீட்டிலேயே செய்த இரண்டு சின்னப் பெட்டிகள்.

ஸ்பீக்கர்கள் ரிச்சி தெருவில் வாங்கியவை. அண்ணா சாலையின் இரைச்சல் காதை விட்டுப் போவதற்குள் சால்டரிங் புகை மூக்கில் ஏறும் தெரு அது. வாசலில் அடுக்கிய டிரான்ஸ்ஃபார்மர்கள், கொக்கியில் தொங்கும் 4440 போர்டுகள். கையால் ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்தவர்களில் அந்த எல்ஏ4440 ஐ.சி.யைத் தொடாதவர் குறைவு. ஸ்டீரியோவாக ஓட்டினால் சேனலுக்கு 6 வாட். பிரிட்ஜ் போட்டால் ஒரே சேனலாக 19 வாட். பிரிட்ஜ் போட்டு ஜன்னல் அதிர ஓட்டுவதுதான் அப்போது பெருமை. எனக்கு வேண்டியிருந்ததோ அந்த 6 வாட் ஸ்டீரியோ.

காரணம், டேவிட் ஹாஃப்ளர் என்ற அமெரிக்க ஆடியோ பொறியாளர் 1970 வாக்கில் பரப்பிய ஒரு இணைப்பு. எட்டு ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டை சீரிஸில் கோத்து, ஒரு முனையை ஆம்ப்ளிஃபயரின் இடது பாசிட்டிவிலும் மறுமுனையை வலது பாசிட்டிவிலும் கொடுக்க வேண்டும். கிரவுண்டுக்கு ஒயரே போகாது. இரண்டு சேனலிலும் ஒன்றுபோல இருப்பது கழிந்துவிடும்; வேறுபடுவது மட்டும் பின்னால் ஒலிக்கும். டிகோடர் வேண்டாம், இன்னொரு ஆம்ப்ளிஃபயரும் வேண்டாம்.

1978-இல் வந்த 'ப்ரியா' படத்தின் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. அந்தக் கேசட்டைப் போட்டுவிட்டுப் பின்பெட்டியில் காதை வைத்தேன். நடுவில் நிற்கும் குரல் கரைந்துபோய், பக்கவாட்டு வாத்தியங்களும் குரலுக்குப் பின்னால் நீளும் எதிரொலியும் மட்டும் வந்தன. பாட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறுமை இல்லை, ஓர் இடம் என்று அன்று தெரிந்தது.

ஆனால் அந்த இடத்தைக் காது முன்பே அறிந்திருந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் சாமி புறப்பாட்டின்போது வெளிப்பிரகாரத்தின் ஒரு மூலையில் நாகஸ்வரம் வாசிப்பார்கள். எதிர் மதில் அதை வாங்கி, கொஞ்சம் தாமதித்து, ஓரங்களை மழுக்கித் திருப்பித் தரும். தவில் ஒருமுறை அங்கேயும் ஒருமுறை இங்கேயும் விழும். கண்ணை மூடினாலும் பிரகாரத்தின் நீளம் தெரியும்.

1995-இல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவில் வந்தபோது திரையரங்கில் முதுகுப்பக்கமிருந்து வந்த ஒலிக்கும் அடிப்படை அதே கழித்தல்தான். பிலிமில் இருப்பவை இரண்டே தடங்கள். பின்பக்க ஒலியை அவற்றின் வித்தியாசத்தில் ஒளித்துவைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்த டால்பி சர்ரவுண்ட், பின் சேனலை ஏறத்தாழ 100 முதல் 7,000 ஹெர்ட்ஸுக்குள் நிறுத்தியது. அதற்குமேல் போனால் கேசட்டின் இரைச்சல் கூட வரும், முன்பக்க ஒலியின் கூர்மையும் பின்னால் கசியும். ஆகவே பெரிய கோனும் வேண்டாம், ட்வீட்டரும் வேண்டாம். நாலு இஞ்ச் தாராளம்.

பெட்டி அடித்துக்கொடுத்தவர் எங்கள் தெருவில் பட்டறை வைத்திருந்த ஆசாரி. 18 எம்எம் பிளைவுட். உள்ளளவு 5, 7, 6 இஞ்ச், அதாவது ஏறத்தாழ மூன்றரை லிட்டர் காற்று. "காத்து போகவே கூடாதுங்கிறீங்க, அப்ப ஆணியை நம்பாதீங்க தம்பி" என்றவர், மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்து உள்மூலை எல்லாவற்றிலும் விரலால் இழுத்துப் பூசினார். மறுநாள் தலையணைப் பஞ்சைத் தளர்வாக அடைத்து ஸ்பீக்கரைத் திருகினோம். இரண்டு கட்டைவிரலாலும் கோனை மெல்ல அமுக்கி விட்டேன். திறந்த ஸ்பீக்கர் என்றால் சட்டென்று துள்ளித் திரும்பும். இது அவசரமில்லாமல் எழும்பி வந்தது. பெட்டி காற்றைப் பிடித்துவிட்டது. பிறகு ஒன்றரை வோல்ட் டார்ச் பேட்டரியை முனைகளில் தொட்டுப் பார்த்தோம். கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் பாசிட்டிவ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பாசிட்டிவ். ஆசாரி அந்த அசைவை மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரகாரத்து மதிலின் தாமதத்துக்குக் கணக்கு உண்டு. ஒரே ஒலி சிறு இடைவெளியில் இரண்டு திசையிலிருந்து வந்தால், காது முதலில் வந்த திசையையே நம்பும் என்று ஜெர்மானிய ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் 1949-இல் காட்டினார். டால்பி கருவிகள் பின்பக்க ஒலியை 20 மில்லிசெகண்ட் அளவில் தாமதப்படுத்தியதும் அதனால்தான். அந்த நேரத்தில் ஒலி ஏழு மீட்டர் போய்விடும். என் ஒயருக்குத் தாமதம் தெரியாது. அதனால் பெட்டிகளைக் காதுக்கு மேலே ஏற்றி, அவற்றின் முகத்தைப் பின்சுவர் பக்கம் திருப்பினேன். நேராக வந்து காதில் குத்தாமல், சுவரில் மோதிச் சிதறி வந்தது. எங்கள் பத்தடி அறைக்கும் ஒரு மதில் கிடைத்தது.

இன்று கூரையிலிருந்துகூட ஒலியைப் பொழியவைக்கும் கருவிகள் வந்துவிட்டன. இருந்தாலும், கேட்பதில் ஆசை உள்ள யாரும் ஒருமுறையாவது இப்படி ஒரு ஜோடி செய்து பார்க்க வேண்டும். சீரிஸில் ஒரு ஒயர்வுண்ட் கன்ட்ரோலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டி தனியாகக் காதுக்குத் தெரியும்வரை ஒலியை ஏற்றி, தெரியாமல் போகும்வரை இறக்குங்கள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கிற காது, பிறகு கச்சேரி மண்டபத்திலும் திரையரங்கிலும் கோயிலிலும் பாட்டோடு சேர்த்து அதைச் சுற்றியுள்ள இடத்தையும் கேட்கத் தொடங்கும். பெட்டி செய்ததில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான்.