இரண்டு திரை, ஒரு முகம்

போட்டோ எடிட் பண்ண எங்களிடம் இரண்டு மொனிட்டர் இருக்கிறது என்றதும் ஏதோ பெரிய ஸ்டூடியோ என்று நினைக்க வேண்டாம். எங்கட போர்டிங் அறையில் ஒரு லப்டொப், பக்கத்தில் பழசாக வாங்கிய மொனிட்டர் ஒன்று. அவ்வளவுதான். நாங்கள் கலைப்பீடம். பாவிக்கிற மென்பொருள் கிம்ப். காசு கட்டத் தேவையில்லை.

கிம்பில் ஒரே படத்தை இரண்டு ஜன்னல்களில் திறக்கலாம். ஒரு திரையில் 400 சதவீதம் பெருப்பித்து ஒரு கீறலை அழிப்போம். மற்றதில் முழுப் படமும் நிற்கும். இங்கே அழிய அங்கேயும் அழியும். கிட்ட இருந்து வேலை செய்யிற ஆளுக்குத் தூர நின்று பார்க்க இன்னொரு கண் கிடைத்த மாதிரி.

ஆனால் இரண்டு திரையும் நிறத்தில் ஒத்துப்போவதே இல்லை. லப்டொப்பில் மண்ணிறமாக இருக்கிற தோல் மற்றதில் நீலம் பாய்ந்து வெளிறிப்போகும். கோப்பில் இருக்கிற எண்கள் ஒன்றுதான்: சிவப்பு, பச்சை, நீலம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை. அந்த எண்ணை ஒளியாக்குகிற திரைதான் வேறு. எச்.பி.யும் மைக்ரோசொப்ட்டும் 1996 இல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி என்ற பொது அளவு இதற்காகத்தான். ஆனால் திரையை அந்த அளவுக்குச் சரிசெய்யிற கருவி எங்களிடம் இல்லை.

அப்ப எந்தத் திரையை நம்புவது? ஒரு நண்பனின் அம்மம்மாவின் கல்வெட்டுக்குப் படம் தேவைப்பட்டபோதுதான் இந்தக் கேள்வி உறைத்தது. பழைய கலியாண வீட்டுக் குரூப் போட்டோவை ஸ்கான் பண்ணி முகத்தை மட்டும் வெட்டி எடுத்தோம். வெளிநாட்டிலிருந்து மாமா வொய்ஸ் அனுப்பினார்: "தம்பியவை, கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ." பழைய மொனிட்டர் அந்த வேலையைக் கேட்காமலே செய்துகொண்டிருந்தது.

நண்பனின் அம்மா வந்து இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு தன் கையை லப்டொப்புக்குப் பக்கத்தில் வைத்தா. "என்ர நிறம்தான் அம்மாவுக்கும்." அந்தக் கைக்குக் கிட்ட வரும்வரை நிறத்தை இறக்கினோம். அச்சுக்கு முன் ஒரு மாதிரிப் பிரதி எடுத்து, அதையும் அதே கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

ஒரு காலத்தில் கொடக் நிறுவனம் படம் கழுவுகிற இடங்களுக்கு 'ஷெர்லி கார்ட்' என்று ஒன்று அனுப்பியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவளின் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று கணக்கு. கறுத்த முகங்கள் அந்தக் கணக்கில் இருக்கவில்லை.

மாமாவில் பிழை சொல்ல மாட்டோம். போன தாயை வடிவாகப் பார்க்க ஆசைப்பட்டார். வடிவு என்றால் வெளிறல் என்று எங்களுக்கெல்லாம் ஆர் சொல்லித் தந்தது என்பதுதான் கேள்வி.

அடுத்த மாதம் ஒரு கலியாண அல்பம் செய்யக் கேட்டிருக்கினம். பொம்பிளையின் நிறம் பற்றி இப்பவே மெசேஜ் வந்திட்டுது.