குரங்கணியில் இறங்கி, நிமிர்ந்து பாருங்க!

அடுத்த லீவுக்கு மதுரையில் ரயில் ஏறி போடிக்கு வந்துடுங்க. அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்ற ரயில், 2023 ஜூனில் திரும்ப ஓட ஆரம்பிச்சாச்சு. போடியிலிருந்து பஸ்ஸில் சுமார் 15 கிலோமீட்டர் போனால் குரங்கணி. எங்கே திரும்பினாலும் மலைதான்!

நிமிர்ந்து பார்த்தால் உச்சியில் டாப் ஸ்டேஷன். ஒரு காலத்தில் மூணாறு தேயிலை அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கியது. கீழேயிருந்து மேலே போனது என்ன தெரியுமா? பாட்டு!

மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளம். 1958-ல் அங்கே இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக, தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் மத்தியில் பாடினவர் பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன். ரோசம்மா ஜெயிச்சார். அந்த அண்ணனோட கச்சேரிக் குழுவில் 14 வயசில் சேர்ந்து, பத்து வருஷம் ஊர் ஊராகச் சுத்தின தம்பிதான் நம்ம இளையராஜா. பண்ணைப்புரமும் தூரமில்லை. போடியிலிருந்து தேவாரம் வழியா போனால், இதே மலைத்தொடரின் அடிவாரம்.

அப்புறம் சென்னை. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைப் பாடம், ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தப்போ ராஜாவுக்கு வயசு 32. அதைப் பார்க்க அண்ணன் இல்லை. பாவலர் 1973-லேயே இறந்துட்டார். அதுக்கப்புறம் ஆயிரம் படங்களுக்கு மேல! நடுவுல 1986-ல் 'ஹவ் டு நேம் இட்', 2005-ல் திருவாசகம். 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில், ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவோட தன் 'வேலியன்ட்' சிம்பொனியை அரங்கேற்றினார். அப்போ வயசு 81!

எட்டு செமஸ்டருக்குள்ள லைஃப் செட்டில் ஆகணும்னு பதறுறோமே, அவர் கணக்கைப் பாருங்க. முதல் படத்துக்கே 32 வருஷம். லண்டன் மேடைக்கு இன்னும் 49 வருஷம். இடையில் ஒருநாளும் 'போதும்'னு உட்காரலை.

மலையும் அப்படித்தான் மக்கா, அவசரத்துக்கு ஆகாது. 2018 மார்ச்சில் ட்ரெக்கிங் போன 20 பேருக்கு மேல் காட்டுத்தீயில் இறந்தது இங்கேதான். அதனால வனத்துறை அனுமதி இல்லாம ஒரு அடிகூட ஏறாதீங்க. கீழேயே ஒரு டீ சொல்லிட்டு, காதுல ராஜாவைப் போட்டுக்கிட்டு மலையைப் பாருங்க. டீயும் பாட்டும் இந்த மலையோட சொந்தச் சரக்கு!