அம்மாவை உட்கார வைக்கும் சாஸ்!

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குக் கிளம்பறீங்களா ஃப்ரெண்ட்ஸ்? அழுக்குத் துணி மூட்டையோட ஒரு பாக்கெட் பாஸ்தாவையும் பையில போட்டுக்குங்க. காரணம் இருக்கு!

வீட்டுல நீங்க சாம்பார் வைக்கறேன்னு கரண்டியைத் தொட்டுப் பாருங்க. ரெண்டாவது நிமிஷமே, 'தள்ளுடா, புளி கரைக்கற லட்சணத்தைப் பாரு'ன்னு அம்மா பிடுங்கிடுவாங்க. ரசம், வத்தக்குழம்பு எல்லாத்துக்கும் இதே கதைதான். ஆனா, க்ரீமி தக்காளி பாஸ்தா? நிறைய அம்மாக்களுக்கு அது சிலபஸ்லயே இல்லாத சப்ஜெக்ட். கரண்டி கடைசி வரைக்கும் உங்க கையிலதான்!

மூணு பேருக்கு அளவு சொல்றேன், குறிச்சுக்குங்க. பாஸ்தா 200 கிராம், நல்லாப் பழுத்த தக்காளி அரை கிலோ, பூண்டு 8 பல், சின்னதா ஒரு வெங்காயம், எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், ஃப்ரெஷ் க்ரீம் 100 மில்லி, கொரகொரன்னு இடிச்ச வரமிளகாய், உப்பு. நாட்டுத் தக்காளியில புளிப்பு தூக்கல். அதனால சதைப்பற்றான பெங்களூர் தக்காளியைக் கூடுதலா எடுத்துக்குங்க.

தக்காளியோட அடியில கத்தியால ஒரு பிளஸ் கீறி, கொதிக்கற தண்ணியில 2 நிமிஷம் போடுங்க. தோல் தானா உரியும். ஆறினதும் மிக்ஸியில அரைச்சுடுங்க. கடாயில எண்ணெய் ஊத்தி, சின்னத் தீயில பூண்டு, வெங்காயம், மிளகாயை வதக்குங்க. பூண்டு கருகக் கூடாது, கசந்துடும். அரைச்ச தக்காளியையும் உப்பையும் சேர்த்து, ஓரத்துல எண்ணெய் பிரியற வரைக்கும் கொதிக்க விடுங்க. கால் மணி நேரம் ஆகும். பக்கத்து அடுப்புல 2 லிட்டர் உப்புத் தண்ணியில பாஸ்தா வேகட்டும். பாக்கெட்ல போட்டிருக்கற நேரத்துக்கு 1 நிமிஷம் முன்னாடியே எடுத்துடுங்க. அந்தத் தண்ணியில ஒரு டம்ளரைப் பத்திரப்படுத்துங்க!

இப்பதான் கெமிஸ்ட்ரி பேப்பர். சூடான பால்ல எலுமிச்சை பிழிஞ்சா பன்னீர் ஆகுது இல்லையா? தக்காளியும் அதே வேலையைக் காட்டும். பாலோட பி.ஹெச். சுமார் 6.7. அது 4.6 பக்கம் இறங்கினா கேசின்ங்கற புரதம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சுடும். தக்காளியோட பி.ஹெச். அந்த 4.6-க்குப் பக்கத்துலதான் இருக்கு! க்ரீம்ல கொழுப்பு அதிகம், புரதம் கம்மி. அதனால பாலை விட தாக்குப்பிடிக்கும். இருந்தாலும் அடுப்பைக் குறைச்சு, ரெண்டு கரண்டி சூடான சாஸை முதல்ல க்ரீம்ல கலக்கி, அப்புறம் அதைக் கடாயில ஊத்துங்க. அதுக்கப்புறம் தளதளன்னு கொதிக்க விடாதீங்க. க்ரீம் கிடைக்கலையா? 12 முந்திரியை ஊற வெச்சு நைஸா அரைச்சு ஊத்துங்க. திரியற பேச்சே இல்ல!

கடைசியா பாஸ்தாவையும், எடுத்து வெச்ச தண்ணியில அரை டம்ளரையும் சேர்த்துக் கிளறுங்க. அதுல இருக்கற மாவுச்சத்துதான் சாஸை வழுக்கி ஓடாம பாஸ்தாவோட ஒட்ட வைக்கும்.

'வரமிளகாய் போட்டா இத்தாலிக்காரன் கோவிச்சுக்க மாட்டானா?'ன்னு கேக்காதீங்க பாஸ். தக்காளியே அவங்களுக்கு இரவல்தான். அமெரிக்கக் கண்டத்துல இருந்து 16-ம் நூற்றாண்டுல ஐரோப்பாவுக்குப் போன சரக்கு. 1690-கள்ல நேப்பிள்ஸ்ல அன்டோனியோ லாட்டினி தன்னோட சமையல் புத்தகத்துல தக்காளி சாஸ் எழுதினப்ப, அதுக்கு 'ஸ்பானிஷ் பாணி'ன்னுதான் பேர் வெச்சார்!

சரி, மெயின் மேட்டருக்கு வர்றேன். எல்லாருக்கும் பரிமாறிட்டு, ஆறினதை அம்மா கடைசியா சாப்பிடறதைத்தான் எங்க வீட்டுல இருபது வருஷமா பார்க்கறேன். பாஸ்தாவுல ஒரு வசதி, ஆறினா சாஸ் இறுகிடும், சுடச்சுட சாப்பிட்டே ஆகணும். போன லீவுல இதைச் சொல்லியே முதல் தட்டை அம்மாகிட்ட நீட்டினேன். 'அப்பா வந்துடட்டும்'னாங்க. 'அவருக்கு நான் போட்டுத் தர்றேன், நீ உட்காரும்மா'ன்னேன். உட்கார்ந்தாங்க. சாப்பிட்டாங்க. 'கொஞ்சம் மிளகுத்தூள் தூவியிருக்கலாம்'னு கமென்ட் வேற!

முக்கியமா பசங்களுக்கு ஒரு வார்த்தை. 'சமைச்சுட்டேன்'னு காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு டி.வி. முன்னாடி உட்கார்ந்துடாதீங்க. கடாய், மிக்ஸி ஜார், தக்காளி தெறிச்ச அடுப்பு... எல்லாம் உங்க டிபார்ட்மென்ட்தான். அதையும் துடைச்சுட்டு வாங்க. இல்லேன்னா நீங்க மிச்சம் பண்ணிக் கொடுத்த அரை மணி நேரத்தை அம்மா திரும்ப சிங்க் முன்னாடிதான் செலவு பண்ணுவாங்க!