நோவில்லாத கட்டி



கொஞ்சம் நீளமான பதிவு. சகோதரிகள் கட்டாயம் வாசியுங்கள். சகோதரர்கள் வாசித்துவிட்டு வீட்டிலும் சொல்லுங்கள்.

ஸ்டாஃப் ரூமில் நாங்கள் ஆறு பேர் ஒரே மேசை. இடைவேளை வந்தால் பெட்டிஸ், ரோல்ஸ், சீனி கூடின பால் தேத்தண்ணி. போன வருடம் எங்களில் மூத்த டீச்சருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிய வந்தது. கட்டி தட்டுப்பட்டு ஏழு மாதம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. "நோவில்லத்தானே. இத எப்படிப் போய்க் காட்டுற எண்டு வெக்கமா இருந்திச்சி" என்றார். தினமும் பக்கத்தில் இருந்து சாப்பிட்ட எங்களுக்கே தெரியாது.

பிறகு அவர் மஹரகமவுக்கும் ஊருக்குமாக அலைந்தார். ஊரில் கதைகள் அலைந்தன. "உடம்பு வெச்சதால வந்தது", "வயித்துல கெட்ட கிருமி, இந்தப் பவுடரைக் குடிச்சா சுத்தமாகும்." எங்களில் இரண்டு பேர் அந்தப் பவுடரை வாங்கியும் விட்டோம். அதன் பிறகுதான் தேடி வாசித்தோம்.

உடல் எடை பற்றிய கதையில் உண்மை இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. கொழுப்பு கூடினால் அதுவும் கூடும். மார்பகப் புற்றுநோய்களில் அநேகமானவை ஈஸ்ட்ரஜனைக் கொண்டு வளர்பவை. அதனால் அந்த வயதில் பருமன் ஆபத்தைக் கூட்டுகிறது.

குடல் பக்டீரியாவுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. ஈரல் பாவித்து முடிந்த ஈஸ்ட்ரஜனைக் கட்டிப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறது. சில பக்டீரியாக்களிடம் அந்தக் கட்டை அவிழ்க்கும் நொதியம் இருக்கிறது. அவிழ்ந்தது திரும்ப இரத்தத்தில் சேரும். 2006இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி கோர்டனின் குழு, பருத்த எலிகளின் குடல் பக்டீரியாவைக் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் கொடுத்தது. மெலிந்த எலிகளின் பக்டீரியா பெற்றவற்றை விட அவற்றில் கொழுப்பு கூடியது. ஆனால் அது எலியில் கண்டது. இன்ன பக்டீரியாதான் மார்பகப் புற்றுநோயைத் தருகிறது என்று நிரூபிக்கப்படவில்லை. அதைத் தடுக்கும் பவுடரும் கிடையாது.

மெலிந்தவர்களுக்கும் இந்த நோய் வரும். பிள்ளைக்குப் பால் கொடுத்தவர்களுக்கும் வரும். அரிதாக ஆண்களுக்கும் வரும். டீச்சர் ஊசிக்கு அழவில்லை. பார்க்க வந்த ஒருவர் "திண்டு திண்டு வந்த வருத்தம்" என்று சொன்னதற்குத்தான் அழுதார். தயவுசெய்து நோயாளியிடம் அப்படிப் பேசாதீர்கள். "ஊதிட்டீங்க டீச்சர்" என்று நாங்களும் சிரித்தவர்கள்தான். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

இப்போது மேசையில் கடலை, பப்பாசி, சீனியில்லாத தேத்தண்ணி. வீட்டில் சிவப்பரிசியும் கீரைச் சுண்டலும். நல்ல பக்டீரியாவுக்கு நார்ச்சத்துத்தான் சாப்பாடு, எடைக்கும் அது நல்லது. அஸருக்குப் பிறகு நடக்கிறோம்.

அதைவிட முக்கியமானது இது. எம்.ஓ.எச். அலுவலகத்தின் 'வெல் வுமன்' கிளினிக்கில் 35 வயதான பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை இலவசம். எங்களில் நான்கு பேர் 35ஐத் தாண்டியும் போகாதவர்கள். விடுமுறையில் சேர்ந்தே போனோம். பரிசோதித்தவர் பெண்தான். ஒருவரிடம் சிறிய கட்டி ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

கட்டி, தோலில் குழி, காம்பிலிருந்து இரத்தம், எது கண்டாலும் நோவு வரும்வரை காத்திருக்காதீர்கள். ஏழு நாள் கூட வேண்டாம்.

டீச்சர் இந்தத் தவணை பாடசாலைக்கு வந்துவிட்டார். அவர் சொல்லித்தான் எழுதுகிறோம். துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.