எட்டு மாத ஊர்க்காரர்

செப்டம்பர் பாதி தாண்டியதும் கல்கத்தா ஜாதவ்பூரில் எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டிய புதரிலிருந்து யாரோ உச்சுக்கொட்டுவது கேட்கத் தொடங்கும். ‘டக்.’ கொஞ்சம் விட்டு இன்னொரு ‘டக்.’ பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நடுவதற்காக நடைபாதையைப் பெயர்த்துப் போட்டிருப்பதையும், மழைத் தண்ணீர் வடியாத சந்தையும் பார்த்துச் சலித்துக்கொள்ளும் ஒரு பெரியவரின் தோரணை. எனக்கும் அந்தச் சலிப்பு உண்டு என்பதால், ஆள் யாரென்று தெரிவதற்கு முன்பே ஒட்டுதல் வந்துவிட்டது.

ஆள், பிளித் நாணல் கதிர்க்குருவி. பார்க்க ஒன்றுமில்லை. முதுகு மண் நிறம், வயிறு அழுக்கு வெள்ளை, கண்ணுக்கு மேலே இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கவைக்கும் ஒரு வெளிறிய கோடு. எடை 10, 12 கிராம். புதரின் உள்கிளைகளில்தான் வாசம். வெளியே வந்து முகம் காட்டும் பழக்கமில்லை. பின்லாந்திலிருந்து சைபீரியா, மத்திய ஆசியா வரை கூடு கட்டும் இந்த இனம், குளிர்காலத்துக்கு ஏறக்குறைய மொத்தமாக இந்தியத் துணைக்கண்டத்துக்கு வந்துவிடுகிறது. பின்லாந்தின் சின்னப் பறவைகள் பல ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பும்போது இது கிழக்கே திரும்பி நம் பக்கம் வருகிறது. பயணமெல்லாம் இரவில். அந்த ஜூனில் பொரிந்த குஞ்சுகூட வழிகாட்டப் பெரியவர்கள் இல்லாமல் வந்து சேரும். போக வேண்டிய திசை பிறவியிலேயே உள்ளே இருக்கிறது. 8பி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நாலு தடவை போன் போட்டு வழி கேட்கும் என் உறவினர்களை அப்போது நினைத்துக்கொள்வேன்.

இந்தக் குருவிக்காக யாரும் கேமராவைத் தூக்குவதில்லை. குளிர்காலக் காலையில் ரவீந்திர சரோபர் பக்கம் போனால், பீரங்கி அளவு லென்சுகளோடு ஒரு படையே நிற்கும். நீல ஈப்பிடிப்பான் வந்ததா, செந்தலைப் பூங்குருவி வந்ததா என்றுதான் விசாரிப்பு. பக்கத்துப் புதரில் ‘டக்’ கேட்டாலும் ஒருவரும் திரும்பமாட்டார்கள். நம் புலவர்களிடமும் இந்தக் குறை உண்டு. சத்திமுத்தப் புலவர் மனைவிக்குத் தூது சொல்லப் பிடித்தது செங்கால் நாரையை. அது தென்குமரி வரை போய் வடக்கே திரும்பும் என்று கவனித்தவர்தான். ஆனாலும் நாரை ஆள் உயரத்தில் பாதி. உச்சுக்கொட்டுகிற ஒரு பிடி இறகை நம்பி யாரும் சேதி அனுப்பியதாக எனக்கு நினைவில்லை.

லென்ஸ்காரர்கள் விடுமுறை நாட்களில் நரேந்திரபூருக்குப் போவார்கள். அங்கே ஒரு பழைய மாந்தோப்பு பறவைகள் சரணாலயமாக இருக்கிறது, சிற்பி சிந்தாமணி கர் பெயரில். இந்த மனிதர் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வாங்கியவர். ஓடியோ தாண்டியோ அல்ல, சிற்பம் செய்து. அப்போது கலைக்கும் பதக்கம் இருந்தது. வாங்கியது பிரிட்டன் சார்பில். ஆகவே ஒரு வங்காளியின் பதக்கம் அவர்கள் கணக்கில் கிடக்க, அவர் பெயரில் இங்கே தோப்பு இருக்கிறது. எது எந்த ஊர்க் கணக்கில் சேரும் என்ற குழப்பம் எனக்குப் பிடித்தமான விஷயம். குருவியிடம் என்னை இழுத்ததும் அதுதான்.

பாடும் பறவைக் குடும்பம் என்று புத்தகம் சொல்கிறது. வடக்கே கோடை இரவுகளில் இது விடாமல் பாடுமாம். அக்கம்பக்கத்துப் பறவைகளின் குரலையெல்லாம் சேர்த்துக்கொண்டு பாடுவதில் பெயர் பெற்றது. இங்கே வந்தால் ‘டக்’. ஆலாபனை அங்கே, தொண்டையைச் செருமுவது மட்டும் இங்கே. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ‘குளிர்கால விருந்தாளி’ என்று அதைக் குறிப்பிடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை எட்டு மாதம் நம் புதரில். கூடு கட்டி, குஞ்சு பொரித்து, கிளம்புவது வரை அங்கே இரண்டரை, மூன்று மாதம். மிச்சம் வழியில். எட்டு மாதம் தங்குகிறவரை எங்கள் பக்கத்தில் விருந்தாளி என்று சொல்வதில்லை. ரேஷன் கார்டில் பெயர் சேர்த்துவிடுவார்கள்.

குருவியின் பெயரில் இருக்கும் பிளித்துக்கும் கிட்டத்தட்ட இதே வழக்குதான். எட்வர்ட் பிளித் லண்டனில் டூட்டிங் பகுதியில் மருந்துக்கடை வைத்திருந்தார். கடையைக் கவனிக்காமல் பறவைகளையும் பறவைப் புத்தகங்களையும் கவனித்தார், கடை போய்விட்டது. 1841இல் கல்கத்தா ஏசியாட்டிக் சொசைட்டியின் அருங்காட்சியகப் பொறுப்பாளர் வேலைக்கு வந்தார். பார்க் ஸ்ட்ரீட் கட்டடத்தில் உட்கார்ந்து, பர்மாவிலிருந்தும் இமயத்திலிருந்தும் மற்றவர்கள் சுட்டு அனுப்பிய பறவைத் தோல்களைப் பிரித்து, அளந்து, எழுதிக்கொண்டே இருந்தார். இந்தக் கதிர்க்குருவியை 1849இல் அறிவியலுக்கு விவரித்தது அவர்தான். எங்கோ மலையிலிருந்து வந்த அபூர்வம் அல்ல இது. ஜன்னலுக்கு வெளியே வேலியில் ‘டக்’ என்று அவருக்கும் கேட்டிருக்கும்.

சம்பளம் போதவில்லை. உயர்த்தச் சொல்லிக் கேட்டார், உயரவில்லை. பறவையையும் விலங்கையும் கட்டிக்கொண்டு மற்றப் பிரிவுகளைக் கோட்டைவிடுகிறார் என்று உறுப்பினர்களில் சிலர் குறை சொன்னார்கள். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருந்திருக்கலாம், மருந்துக்கடை சாட்சி. செலவைச் சமாளிக்க உயிருள்ள மிருகங்களை வாங்கி விற்கும் வியாபாரத்தில்கூட இறங்கிப் பார்த்தார், பெரிதாகத் தேறவில்லை. ஆனால் அதே காலத்தில் டார்வினுக்கு நீள நீளமாகக் கடிதம் எழுதினார். இந்திய ஆடு, மாடு, கோழி, புறா பற்றி அவர் அள்ளிக் கொடுத்த தகவல்கள் அங்கே போயின. 1859இல் வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ முதல் அத்தியாயத்திலேயே பிளித்தின் கருத்துக்குத் தனி மதிப்புக் கொடுத்திருக்கிறார் டார்வின். அதற்கு இரண்டு வருடம் முன்னால் பிளித்தின் மனைவி இறந்துபோயிருந்தார். மணமாகி மூன்றே ஆண்டுகள். மனிதர் அதிலிருந்து எழவில்லை. 1862இல் உடல் நொடிந்து இங்கிலாந்து திரும்பினார், 1873இல் இறந்தார். இருபது வருடத்துக்கு மேல் கல்கத்தாவில் இருந்தவரை அகராதிகள் ஆங்கிலேய விலங்கியலாளர் என்று ஒரே வரியில் முடிக்கின்றன. நியாயம்தான். ஆனால் பார்க் ஸ்ட்ரீட்டில் இல்லாமல் டூட்டிங் மருந்துக்கடையிலேயே இருந்திருந்தால் அந்த ஒரு வரியாவது கிடைத்திருக்குமா?

வந்தவர் மேல் சந்தேகமும் வரும். 1957இல் கர்நாடகத்தில் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டபோது, அந்த வைரஸ் ரஷ்யாவில் உள்ள ஒன்றுக்கு உறவு என்று தெரிந்தது. அப்படியானால் சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள்தான் உண்ணியோடு சேர்த்துக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று கை நீண்டது. விசாரிக்க உலக சுகாதார நிறுவனம் உதவியது. 1959இல் சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் போடத் தொடங்கியது. பின்னால் நம் கோடிக்கரையில் நடந்த பெரும் வளையமிடலுக்கும் அதுவே தொடக்கம். குற்றம் நிரூபணமாகவில்லை. நோயைப் பரப்புவது உள்ளூர்க் காட்டு உண்ணிகள் என்று ஆயிற்று. வளையம் மட்டும் நிலைத்தது. வலசை பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்தச் சந்தேகம் போட்ட பிச்சை.

என் எட்டு மாதக் கணக்கைக் கீழ்வீட்டு மாஷிமாவிடம் ஒருநாள் விளக்கினேன். பாவாடைச் சிறுமியாகக் கிழக்கு வங்கத்துப் பரிசாலிலிருந்து பிஜய்கட் காலனிக்கு வந்து சேர்ந்தவர். போர்க்கால ராணுவ முகாம் காலியான இடத்தில் அகதிகள் கட்டிய காலனி அது. இலிஷ் மீனைத் துண்டு போட்டுக்கொண்டே முழுக்கக் கேட்டார். “கூடு எங்கே கட்டுது?” என்றார். வடக்கே என்றேன். “அப்போ ஊரும் அதுதான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மீன் தலையை எனக்கு வேண்டுமா என்று கேட்டார். இன்றைக்கும் அவரிடம் ஊர் எது என்றால் பரிசால்தான். அந்தச் சட்டப்படி, பாதி ஆயுளுக்கு மேல் ஜாதவ்பூரில் கழித்தும் நான் கும்பகோணத்துக்காரன். லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கப் போகும்போது அது சரியாகத்தான் படுகிறது. டிசம்பரில் ஊருக்குப் போய் இரண்டாம் நாளே புழுக்கத்தில் தவித்து, ரிட்டர்ன் டிக்கெட்டை எடுத்துப் பார்க்கும்போது அவ்வளவு சரியாகப் படவில்லை.

மார்ச் முடிவில், கரியாஹாட்டில் சைத்ர மாதத் தள்ளுபடி விற்பனைக்காரர்கள் ‘சேல், சேல்’ என்று கத்துகிற நாட்களில், புதருக்குள் ‘டக்’ கொஞ்சம் நீள்கிறது. இரண்டு கீச்சு, ஒரு இழுப்பு, பிறகு யாருடைய குரலோ ஒன்று, மறுபடி முதலிலிருந்து. கிளம்புவதற்கு முன் தணிந்த குரலில் சாதகம். பின்லாந்துக்காரர்களுக்கான கச்சேரிக்கு ஒத்திகை நடப்பது ஜாதவ்பூர் சாக்கடை ஓரத்தில். ஒத்திகைக்கு டிக்கெட் வாங்கவில்லை என்பதால் சுருதி பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.