கடுக்காய்த் தண்ணீரும் களஞ்சியமும்

பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக்குப் போகிறவர்கள், பாலைவனநாதரைக் கும்பிட்ட கையோடு அங்குள்ள நெற்களஞ்சியத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்துக் கட்டடம். அடியில் வட்டம், தலையில் கூம்பு, எல்லாம் செங்கல். 3,000 கலம் நெல் கொள்ளும். மரக்கால் கணக்கில் 36,000. மூலை இல்லாததால் நெல்லின் பாரம் ஓரிடத்தில் முட்டாமல் சுவர் முழுக்கப் பரவுகிறது. நெல் மட்டம் ஏற ஏறப் பயன்படும்படி வெவ்வேறு உயரத்தில் திறப்புகள். 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநிலத் தொல்லியல் துறை காக்கும் சின்னம் அது.

நான் அதற்கடுத்துப் போனது எந்தப் பட்டியலிலும் ஏறாத ஒரு களஞ்சியத்துக்கு. டெல்டாவில் ஒரு பழைய பண்ணை வீட்டின் கொல்லையில் நிற்கிறது. அறுத்த நெல் களத்துமேட்டிலிருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு இவற்றுக்கு வேலையில்லாமல் போயிற்று. வேலையில்லாத கட்டடத்தை இடித்துச் செங்கல்லை விற்பதுதான் வழக்கம். இந்த வீட்டுக்காரர் இடிக்காமல் பழுது பார்க்கிறார். அந்த ஒன்றுக்காகவே அவரை வணங்கலாம்.

நான் போனபோது சவுக்குக் கம்புச் சாரத்தில் நின்று கொத்தனார் பழைய சிமெண்ட் பூச்சை உளியால் பெயர்த்துக் கொண்டிருந்தார். எப்போதோ யாரோ நல்ல எண்ணத்தில் பூசியது. பட்டை பட்டையாக விழுந்தது. உள்ளே, ஓரங்குலக் கனமே உள்ள பழஞ்செங்கல், விரலால் தொட்டால் மாவாய் உதிர்ந்தது.

“மேல பார்த்தா கெட்டியாத்தான் இருக்கும் தம்பி. உள்ள போன தண்ணி வெளிய வர வழி கிடையாது. உப்பு பூத்துச் செங்கல்லத் தின்னுடும்.”

அவர் சொன்னதுதான் விஷயம் முழுவதும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் உண்டு. சுவர் குடித்த ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. தேங்கிய ஈரத்தில் கரைந்த உப்பு, காயும்போது படிகமாகிச் செங்கல்லைப் பிளக்கிறது. பழைய கட்டடங்களை மழையைவிட அதிகமாகக் கெடுத்தது இந்த அவசரப் பூச்சுதான் என்பது என் எண்ணம்.

களஞ்சியத்துக்குப் பின்னால், கீற்றுக் கொட்டகையில்தான் உண்மையான வேலை நடந்தது. நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் புளிக்க வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் வட்டமான கல் தொட்டியில் மாடு கட்டி அரைப்பார்கள். இப்போது மோட்டார். அரைத்த குவியலைப் பார்த்துக்கொள்பவர் சித்தாள் அக்கா ஒருவர். என் கண்ணெதிரே ஒரு கரண்டிச் சாந்தை அள்ளி, கரண்டியைத் தலைகீழாகத் திருப்பினார். சாந்து விழவில்லை. ஓர் உதறு உதறினார். வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு இறங்கியது, கரண்டியில் ஒட்டல் இல்லை.

“இது ஆச்சு. அந்தக் குவியல் இன்னும் ரெண்டு நாள் கெடக்கணும்” என்றார்.

கொத்தனார் மறுபேச்சுப் பேசவில்லை. சாந்தின் பதத்தில் முடிவு அக்காவுடையது. சுவரை முதல் நாளே நனைத்து வைப்பதும், பூசிய இடத்தில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு வெயிலை மறைப்பதும் அவர் பொறுப்பே. பூச்சு இறுகும்போது கொத்தனார் கட்டையால் தட்டித் தட்டி வெடிப்பை அடைக்கிறார். அந்த நேரமும் தப்பக்கூடாது.

அக்காவுக்கு இந்தக் களஞ்சியம் புதிதில்லை. கீழ்த்திறப்பைக் காட்டிச் சொன்னார்: “எங்க அப்பாயி இந்தப் பண்ணையிலதான் கெடந்துச்சு. கூலி நெல்லு இங்கதான் அளப்பாங்களாம். தலச்சுமையா நெல்லக் கொண்டாந்து கொட்டுறதும் அவுங்கதான், ஒரு மரக்காலுக்குக் கையேந்தி நிக்கிறதும் அவுங்கதான்.”

பண்ணைக் கட்டடங்களைக் காக்கவேண்டும் என்று எழுதும்போது இதை விட்டுவிடக் கூடாது. மிராசுதாரின் வளத்துக்குச் சாட்சி சொல்லும் அதே சுவர், பண்ணையாளின் பட்டினிக்கும் சாட்சி. இரண்டையும் சேர்த்து ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்வதென்றால் கட்டடம் நிற்க வேண்டும். பாரம்பரியக் கட்டடங்களுக்கென ஓர் ஆணையம் அமைக்க 2012-இல் சட்டசபை சட்டம் இயற்றியது. அரண்மனை, கோயில், வெள்ளைக்காரன் கட்டிய அலுவலகம் எல்லாம் அதன் கண்ணில் படும். கொல்லைக் களஞ்சியமும், வீட்டுப் பத்தாய அறையும் படவேண்டும் என்பதே என் விருப்பம். ஊராட்சி தோறும் எஞ்சியிருப்பவற்றை எண்ணி எழுதி வைத்தாலே பாதி இடிப்பு நிற்கும்.

கிளம்பும்போது கூலியைப் பற்றிக் கேட்டேன். கொத்தனார் கூலியில் பாதிக்குச் சற்று மேல்தான் அக்காவுக்கு. பதம் தெரிந்தவர் அவர்தானே என்றேன் வீட்டுக்காரரிடம். “அது மேஸ்திரி போடுற கணக்கு சார்” என்றார். கொத்தனாரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

“கரண்டி புடிச்சா கொத்தனார் கூலி, சட்டி தூக்குனா சித்தாள் கூலி. நான் வேலைக்கு வந்த நாள்லேர்ந்து இப்படித்தான்.”

“அப்போ கரண்டியக் குடு” என்றார் அக்கா.