பாதி வழியில் கிடைத்த கயிலை

கயிலை யாத்திரை சென்று வந்தேன் என்று சொன்னால், "மலையை முழுவதும் வலம் வந்தீர்களா?" என்றுதான் அன்பர்கள் கேட்கிறார்கள். பாதியில் திரும்பினேன் என்று சொல்வதற்கு எனக்குச் சில காலம் கூச்சமாக இருந்தது. இப்போது அந்தக் கூச்சம் இல்லை. அது எவ்வாறு நீங்கியது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டு ஆனி மாதம் நானும் என் மனைவியும் புறப்பட்டோம். எனக்கு அப்போது 63 வயது. காத்மாண்டுவில் பசுபதிநாதரை வணங்கி, கேருங் எல்லை வழியாகத் திபெத்துக்குள் சென்றோம். குழுவில் முப்பது பேர். எங்களை அழைத்துச் சென்றவர் நேபாளத்து ஷெர்பா இளைஞர். சமையல், மருந்துப் பெட்டி, ஆக்ஸிஜன் உருளை எல்லாம் அவர் பொறுப்பு. நடக்கும்போது உதவியாளர் ஒருவரை முன்னே அனுப்பிவிட்டு, அவர் எப்போதும் கடைசியாகவே வருவார். பின்தங்குகிறவர்களை விட்டுவிடக் கூடாது என்பது அவர் வழக்கம்.

கேருங்கில் இரண்டு இரவுகள் தங்க வைத்தார். உடல் உயரத்துக்குப் பழக வேண்டும் என்றார். கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்ஸிஜனில் ஏறத்தாழப் பாதிதான் 5,000 மீட்டர் உயரத்தில் கிடைக்கும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். அவற்றைப் பொருட்படுத்தாமல் மேலே ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும். உயிருக்கே ஆபத்து. கீழே இறங்குவதே தலையாய மருந்து. இவற்றையெல்லாம் விளக்கிவிட்டு அவர் கைகூப்பிச் சொன்னார்: "உடம்புக்கு எது வந்தாலும் என்னிடம் மறைக்காதீர்கள்."

நான் மறைத்தேன். சாகா என்னும் ஊரை அடைந்த இரவே தலைவலி தொடங்கியது. சொன்னால் நிறுத்திவிடுவார்களே என்ற அச்சம். மாத்திரையை விழுங்கிவிட்டு, காலையில் சிரித்த முகத்துடன் வண்டியில் ஏறினேன்.

மானசரோவர் கரையை அடைந்தபோது வலியே மறந்து போயிற்று. ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்தில் நீலமும் பசுமையும் மாறி மாறித் தோன்றும் பெருநீர்ப் பரப்பு. வடக்கே, வெண்ணீறு பூசிய திருமேனி போலக் கயிலை. ஏரியில் இறங்கி மூழ்க அனுமதி இல்லை. வாளியில் முகந்து தலையில் ஊற்றிக் கொண்டோம். உடல் விறைத்தது, கண்கள் நிறைந்தன.

மறுநாள் தார்ச்சென் சென்று, அங்கிருந்து வலம் தொடங்கினோம். மொத்தம் 52 கிலோமீட்டர். பொதுவாக மூன்று நாட்கள். சைவர்க்குச் சிவபெருமானின் இருப்பிடமாகிய இம்மலை, சமணர்க்கு ஆதிநாதர் முத்தி பெற்ற தலம். பௌத்தர்க்கும் திபெத்தின் பழைய போன் சமயத்தார்க்கும் புனிதமானது. போன் சமயத்தார் மட்டும் இடமாகச் சுற்றுகிறார்கள். 6,638 மீட்டர் உயரமுள்ள இச்சிகரத்தின்மேல் எவரும் ஏறுவதில்லை. சுற்றி வருவதுதான் வழிபாடு.

யமதுவாரம் எனப்படும் சிறு வாயிலுக்குள் நுழைந்து வெளிவந்து நடந்தோம். ஆற்றோரமாகப் பாதை செல்கிறது. மாலையில் திராபுக் அடைந்தோம். கயிலையின் வடமுகம் அங்கே நேர் எதிரில் நிற்கிறது. கருவறைத் திரை விலகினாற்போன்ற காட்சி. கன்னத்தில் போட்டுக்கொண்ட மறு நிமிடம் வயிற்றைப் புரட்டியது. விடுதியின் பின்புறம் சென்று வாந்தி எடுத்தேன். முகம் கழுவிக் கொண்டு, ஒன்றும் நடவாதது போலத் திரும்பினேன்.

என் மனைவி பார்த்துவிட்டாள். நேரே ஷெர்பாவிடம் சென்று, நான் மூன்று இரவுகளாகத் தூங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். அவர் வந்து என் விரலில் கருவியை மாட்டினார். 66 காட்டியது. அந்த உயரத்தில் 80ஐ ஒட்டியாவது இருக்க வேண்டுமாம். உடனே ஆக்ஸிஜன் வைத்தார். "நாளை நீங்கள் கீழே இறங்க வேண்டும், பாபுஜி" என்றார்.

வாதாடினேன். எத்தனை ஆண்டுக் கனவு என்றேன். எது நேர்ந்தாலும் என் பொறுப்பு என்று எழுதித் தருகிறேன் என்றேன். வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள் பிறருக்கு 'முடியாது' என்று சொல்லிப் பழகிய எனக்கு, மகன் வயதுடைய ஒருவர் சொன்ன 'முடியாது' தாங்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்களைச் சுமந்துகொண்டு இறங்க என்னால் முடியும், பாபுஜி. உங்கள் பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லத்தான் முடியாது."

அன்றிரவு மனைவியிடம் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆக்ஸிஜன் குழாய் விலகாமல் பார்த்துக் கொண்டிருந்தாள்.

விடியுமுன் மற்றவர்கள் புறப்பட்டார்கள். "நீங்கள் இல்லாமல் எனக்கு மட்டும் எதற்கு?" என்று அவள் அசையாமல் இருந்தாள். அப்போதுதான் என் கோபம் எவ்வளவு சிறுமையானது என்று உறைத்தது. "என் பங்குக்கும் சேர்த்து நீ வலம் வா" என்றேன். என்னைக் கவனிக்க ஓர் உதவியாளரை நிறுத்திவிட்டு, ஷெர்பா அவளைக் குதிரையில் ஏற்றினார். சற்று நேரத்தில் வடமுகத்தின்மீது முதல் வெயில் பட்டுப் பொன்னாகிற்று. அதை வணங்கிவிட்டு நான் கீழ்நோக்கித் திரும்பினேன்.

அன்று மாலை தார்ச்செனில் தலைவலி தணிந்தது. மறுநாள் அவள் வந்து சேர்ந்தாள். 5,630 மீட்டர் உயரமுள்ள டோல்மா கணவாயைக் கடந்ததைப் பற்றிப் பெருமையாக ஒன்றும் சொல்லவில்லை. கௌரி குண்டத்தில் ஷெர்பா இறங்கி முகந்து கொடுத்த நீரைச் சிறு சொம்பிலிருந்து என் தலையில் தெளித்தாள்.

ஊர் திரும்பிய பிறகும் மனத்தில் ஒரு குறை இருக்கத்தான் செய்தது. ஆடி அமாவாசை வந்தது. திருவையாறு சென்றோம். அப்பர் பெருமான் முதிர்ந்த வயதில் கயிலை காணப் புறப்பட்டார். கால் தேய, கை தேய, மார்பும் தேயப் புரண்டு சென்றார். இறைவன் முனிவராக வந்து, மானிட உடலுடன் அங்குச் செல்வது அரிது, திரும்புக என்றார். மாளும் இவ்வுடலுடன் மீளேன் என்று உறுதியாய் நின்ற அவரை, அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றுக் குளத்தில் எழச் செய்து, அங்கேயே கயிலைக் காட்சி அருளினார். அதுவே அன்று மாலை ஐயாறப்பர் சந்நிதியில் விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

சிறு வயது முதல் கேட்ட வரலாறுதான். அன்றுதான் எனக்குப் புரிந்தது. அப்பரின் உறுதி எங்கே, என் பிடிவாதம் எங்கே! ஒப்பிடவும் தகுதியற்றவன் நான். எனினும், நாவுக்கரசரையே 'திரும்புக' என்று சொன்ன பெருமான், என்னிடமும் அதையே ஓர் இளைஞர் வாயிலாகச் சொல்லியிருக்கிறார். அதற்குச் செவிசாய்க்கச் செய்தவள் என் மனைவி. கூட்டத்தில் அவள் கையைப் பற்றிக்கொண்டு தீபாராதனை கண்டேன். குறை தீர்ந்தது.

கயிலை செல்ல விரும்பும் மூத்த அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மத்திய அரசு நடத்தும் யாத்திரைக்கு 70 வயது வரம்பும், தில்லியில் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. தனியார் குழுவில் செல்பவர்களும் இதயம், நுரையீரல் சோதனைகளைத் தாமாகவே செய்து கொள்ளுங்கள். உயரத்துக்குப் பழகும் நாட்களைக் குறைக்கும் பயணத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உடல் சொல்வதை வழிகாட்டியிடம் மறைக்காதீர்கள். அவர் திரும்பச் சொன்னால் திரும்புங்கள். திரும்பி வருகிறவர்களுக்குத் திருவையாற்றில் ஐயாறப்பர் காத்திருக்கிறார்.